பள்ளத்தாக்கில் ஒரு வெள்ளிக்கிழமை

மகன்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ டொலார்டில் உள்ள என் வீட்டுக்கு வந்தாய். வாசலில் உருகாமல் கிடந்த ஐஸை உடைத்தாய், என் மருந்துக் குளிசைகளைக் கிழமை நாட்களுக்குப் பிரித்துப் பெட்டியில் போட்டாய், சப்பாத்தைக் கட்டிக்கொண்டே "வேறை ஏதும் வேணுமே அப்பா?" என்று கேட்டாய். ஒன்றும் வேண்டாம், கவனமாய்ப் போ என்றேன். நாலு வருடமாக இதே கேள்வி, இதே பதில். உன்னை இருத்தி வைத்துச் சொல்ல எனக்கு ஒரு விஷயம் இருந்தது. வாய் வரவில்லை. எழுதினால் வருமா என்று இப்போது குசினி மேசையில் பேனையோடு இருக்கிறேன். சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழை வைத்துக்கொண்டு நீ இதை மெல்ல மெல்லத்தான் வாசிப்பாய். ஆறுதலாக வாசி. ஆனால் முழுவதும் வாசி, நடுவில் மூடி வைத்துவிடாதே.

செவ்வாய்க்கிழமை மிதுலா எனக்குப் போன் எடுத்தாள். உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள், அதற்காக அவளோடு கோவிக்காதே. இன்னும் ஆறு கிழமையில் உன் மனைவியாகப் போகிறவள் உன்னைப் பற்றி என்னிடம் கேட்காமல் யாரிடம் கேட்பாள்? கலியாணம் முடிய எங்கே போவோம் என்றால் "நீயே யோசி" என்கிறாயாம். சனி ஞாயிறில் மலைப்பக்கம் நடக்கப் போவதென்றாலும் வழி பார்ப்பது அவள், சாப்பாடு கட்டுவது அவள், நீ பின்னால் பேசாமல் வருகிறாயாம். அரிசோனாவின் அந்தப் பெரிய பள்ளத்தாக்கின் படத்தைக் காட்டி இங்கே போவோமா என்று கேட்டபோது எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டாயாம். பிறகு அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "மாமா, தன்ரை பிளானாலைதான் அம்மா செத்தவ எண்டு ஒருநாள் சொன்னவர். அது உண்மையே?" பேந்து எடுக்கிறேன் பிள்ளை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். இன்னும் எடுக்கவில்லை. அவளுக்குச் சொல்ல முதல் உனக்குச் சொல்ல வேண்டும். அது உண்மை இல்லை, மகன். ஏன் இல்லை என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

நீ ஏன் அந்தத் திட்டத்தைப் போட்டாய் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் பயணம் என்றால் ஸ்காபரோவில் ஒரு சாமத்திய வீடு, இல்லாவிட்டால் ஒரு கலியாண வீடு. ஆறு மணித்தியாலம் ஓட்டம், நடுவில் ஒரு கோப்பிக் கடை, அதுதான் நாங்கள் கண்ட இயற்கைக் காட்சி. ஒருமுறை நயாகராவுக்குப் போனோம். மூன்று வான் வண்டி, பத்தொன்பது பேர், சோறு காய்ச்சுகிற மின்சாரப் பானையும் கூட. அருவிக்கு முன்னால் நின்று படம் எடுத்தோம், புட்டும் கறியும் சாப்பிட்டோம், வாகனம் நிறுத்துகிற நேரம் முடியப்போகிறது என்று நான் எல்லோரையும் விரட்டி ஏற்றினேன். உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. இவ்வளவு தூரம் வந்தது இருபது நிமிடத்துக்கா என்று கேட்டாய், நான் பெரிய பகிடி போலச் சிரித்தேன். உன் அம்மா சிரிக்கவில்லை. திரும்பித் திரும்பி அருவியைப் பார்த்துக்கொண்டே வானில் ஏறினாள். அதை நீ கண்டிருக்கிறாய். பக்கத்தில் நின்ற நான் காணவில்லை.

உனக்கு வேலை நிரந்தரமான வருடம், அம்மாவுக்கு ஒரு இடத்தை ஆறுதலாகக் காட்ட வேண்டும் என்று மூன்று மாதம் இருந்து யோசித்தாய். லாஸ் வேகஸ் வரை விமானம், அங்கிருந்து கார், பூங்காவுக்குள்ளேயே தங்க அறை. மேலே விளிம்பை ஒட்டி எந்தெந்த இடத்தில் பஸ் நிற்கும், எந்த இடத்தில் குந்தியிருக்க வாங்குப் பலகை உண்டு, வாங்கிலிருந்து கழிவறை எத்தனை நிமிட நடை, எந்த இடத்தில் பின்னேரம் பாறை சிவக்கும், எல்லாவற்றையும் எழுதினாய். முழங்கால் நோவுள்ள ஒரு தாயை மனதில் வைத்து எழுதிய தாள்கள் அவை. பள்ளத்துக்குள் இறங்கும் நடைக்குத் தனியாக ஒரு தாள், அம்மாவுக்காகத் தமிழில், பெரிய பெரிய எழுத்தில். காலை ஐந்தரைக்குத் தொடங்குவது. பாதை பாறையைக் குடைந்து போகிற இரண்டாவது இடத்தில் திரும்பிவிடுவது. எட்டு மணிக்கு முதல் மேலே வந்து சேர்வது. கால் மணிக்கு ஒருதரம் தண்ணீர், அரை மணிக்கு ஒருதரம் உப்புள்ள தீன், இரண்டும் கட்டாயம் என்று கீழே கோடும் இழுத்திருந்தாய். மலையில் களைத்தால் இறங்கி வந்துவிடலாம், இங்கே களைத்த பிறகுதான் ஏற்றமே தொடங்கும் என்று அம்மாவுக்கு விளங்கப்படுத்தினாய். நான் இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவன், ஜனவரிப் பனியிலும் பிந்தாதவன். எனக்கே நேர அட்டவணையா என்று நக்கலடித்தேன். ஆமிக்காரன் மாதிரி எழுதி வைத்திருக்கிறாய் என்றேன். நீ சிரித்துவிட்டுத் தாளை மடித்து வைத்தாய்.

முதல் நாள் வியாழக்கிழமை. அன்று எல்லாம் உன் தாளில் உள்ளபடியே நடந்தது. பின்னேரம் உன் தாளில் மூன்றாவதாக எழுதியிருந்த இடத்தில், வேலிக்குப் பக்கத்து வாங்கில் அம்மா இருந்தாள். முதல் கால் மணித்தியாலம் எனக்கு அலுப்பாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். பிறகு நானும் வாயை மூடிக்கொண்டு பார்த்தேன். மஞ்சளாக நின்ற பாறை செம்மஞ்சளாகி, சிவந்து, அடியில் நிழல் ஏறி ஏறி வந்தது. யாரும் அவளை எழும்பச் சொல்லவில்லை. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்திருப்பாள். முப்பத்தொரு வருடம் நான் அவளோடு வாழ்ந்தேன், ஒரு வேலையும் கையில் இல்லாமல் அவ்வளவு நேரம் அவள் இருந்ததை அன்றுதான் கண்டேன். கடைசியில் உன்னைப் பார்த்து, "இதுக்குள்ளை இறங்கலாமே ராசா?" என்று கேட்டாள். நாளைக்கு வெள்ளன இறங்குவோம் என்றாய். அந்தப் பின்னேரத்தைக் கொடுத்தது நீதான். அதையும் சேர்த்து நீ மறந்துவிட்டாயோ என்று பயமாக இருக்கிறது.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. இனி எழுதுவதுதான் உனக்குத் தெரியாதது.

நீ வீட்டை விட்டு வேர்டனுக்குக் குடிபோன பிறகு, உனக்கு ஒரு நல்ல இடத்தில் கலியாணம் சரிவர வேண்டும் என்று அம்மா வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கத் தொடங்கினாள். முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அடுத்த நாள் பொழுதுபட்டு விளக்கேற்றும் வரை ஒன்றும் இல்லை, தண்ணீரும் தேத்தண்ணியும் மட்டும். நீ அதை ஒருநாள் கண்டுபிடித்துச் சத்தம் போட்டது உனக்கு நினைவிருக்கும். எனக்காக நீங்கள் பட்டினி கிடந்தால் நான் இந்த வீட்டுப் படி ஏறமாட்டேன் என்றாய். அவள் பயந்துபோய், விட்டுவிட்டேன் என்று உன் தலையில் கைவைத்துச் சொன்னாள். அவள் விடவில்லை, மகன். தான் வேலை செய்த கார்டரியில், அந்தச் சின்னப் பிள்ளைகள் காப்பகத்தில், இருபது பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு கொடுத்துவிட்டு, தான் வெறும் வயிற்றோடு நின்று கோப்பை கழுவினாள். நீ போனில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் ஒரு கறியின் பெயரைச் சொல்வாள், நான் பக்கத்தில் இருந்து சிரிப்பேன். உனக்குத் தெரியாமல் வைத்திருப்பது எங்கள் இருவருக்கும் ஒரு விளையாட்டாகவே போய்விட்டது.

அன்று காலை ஐந்தரைக்கு நீ காருக்குப் பக்கத்தில் ஆயத்தமாக நின்றாய். அவள் தலைக்குத் தோய்ந்து, கொண்டுவந்த சாமிப் படத்தை அறை மேசையில் வைத்து, முழுப் பதிகமும் பாடி முடித்து வெளியே வர ஏழு தாண்டிவிட்டது. தலைமுடி காயவில்லை என்று நான் உனக்குச் சாட்டுச் சொன்னேன். பாதை தொடங்கும் இடத்துக்கு வர எட்டு மணி. வெயில் ஏற்கனவே சுட்டது. நீ மணிக்கூட்டைப் பார்த்தாய், வானத்தைப் பார்த்தாய், பிறகு சொன்னாய்: "இண்டைக்கு இறங்க வேண்டாம் அப்பா. மேலாலை நடப்பம். நாளைக்கு வெள்ளன இறங்குவம்."

நாளைக்குச் சனிக்கிழமை. அவள் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு இறங்கியிருப்பாள். நீ சொன்னது அவ்வளவு சரி. நான்தான் வாயைத் திறந்தேன். இவ்வளவு தூரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவதா, பொம்பிளையள் பிள்ளையள் எல்லாம் இறங்குதுகள், நீ என்ன பயந்தாங்கொள்ளியா என்று, போகிற வருகிற ஆட்கள் திரும்பிப் பார்க்கும்படி கேட்டேன். நீ என்னோடு எதிர்த்துக் கதைத்து வளர்ந்த பிள்ளை இல்லை. சரி, இரண்டாவது குடைவு மட்டும்தான் என்றாய். தண்ணீர் நிரப்ப நீ அப்பால் போன நேரம் அம்மா என் கையைப் பிடித்து, "பிள்ளைக்குச் சொல்லாதேங்கோ. தெரிஞ்சால் என்னை நடக்க விடான்" என்றாள். நான் தலையாட்டினேன்.

நீ ஒவ்வொருவருக்கும் ஒரு முதுகுப்பை தந்தாய். அம்மாவின் பையில் உப்புக் கச்சான் கடலை, மிக்சர், உப்பு பிஸ்கற் எல்லாம் சின்னச் சின்னப் பைக்கற்றாகக் கட்டியிருந்தாய். அரை மணிக்கு ஒருதரம் திரும்பி, "அம்மா, சாப்பிட்டனீங்களே?" என்று கேட்டாய். "ஓம் ராசா, சாப்பிட்டிட்டன்" என்பாள். நீ முன்னால் திரும்பியதும் பைக்கற்றைப் பின்பக்கமாக என் கையில் திணிப்பாள். நான் சாப்பிட்டேன். ஒன்றல்ல, ஆறு பைக்கற். அவளுடைய பங்கு முழுவதையும் நடந்து நடந்து நான் தின்றேன். வெறும் பைக்கற்றை அவளிடம் கொடுப்பேன், அவள் உன்னிடம் கொடுப்பாள், நீ எண்ணிப் பார்த்துக் குப்பைப் பையில் போட்டுவிட்டு, நல்லது அம்மா என்பாய். எங்களுக்குச் சிரிப்பு. ஐம்பத்தெட்டு வயதில் அவள் பள்ளிக்கூடப் பெட்டை மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளோடு நான் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

இரண்டாவது குடைவில் நீ திரும்பச் சொன்னாய். கீழே தண்ணீர்க் குழாய் உள்ள நிழற்குடை மட்டும் போவோம் என்று நான் இழுத்தேன், அவளும் ஆசைப்பட்டாள். அங்கே இருந்து ஏறத் தொடங்கியபோது பத்து மணி. பாதிவழியில் தலையிடி என்றாள். பிறகு வயிற்றைப் பிரட்டி ஓங்காளம். காப்பு இறுக்குகிறது என்று கையைக் காட்டினாள், விரல்கள் பொங்கியிருந்தன. வெயில் பிடித்துவிட்டது என்று நீ நினைத்தாய், யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். நிழலில் இருத்தி, துவாயை நனைத்துத் தலையில் போட்டு, தண்ணீர் பருக்கினாய். தண்ணீருக்கு விரதத்தில் தடை இல்லை, நீ தந்த அத்தனையையும் அவள் குடித்தாள். வியாழன் இரவுக்குப் பிறகு ஒரு கச்சான் கொட்டைகூட அவள் வாயில் படவில்லை என்பது அந்தப் பள்ளத்தில் அவளைத் தவிர எனக்கு மட்டும்தான் தெரியும். இப்போது சொன்னால் நீ கத்துவாய், பொழுதுபடச் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று நான் பேசாமல் விசிறிக்கொண்டிருந்தேன். பிறகு அவள் உன்னைப் பார்த்து, "பிள்ளையள் எல்லாம் வீட்டை போயிட்டுதுகளே?" என்று கேட்டாள். கார்டரிப் பிள்ளைகளைக் கேட்கிறாள் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அதற்குப் பிறகு வலிப்பு வந்தது. நீ உதவி கேட்டு மேலே ஓடியதும், ஆட்கள் தூக்குப்படுக்கையோடு வந்ததும், ஆஸ்பத்திரியும் உனக்குத் தெரியும். அடுத்த நாள் மத்தியானம் அவள் போய்விட்டாள்.

ஆஸ்பத்திரிக்கு வந்த அன்றே டொக்டர் சொன்னதை நீதான் எனக்குத் தமிழில் சொன்னாய். இரத்தத்தில் உப்பு அளவுக்கு மீறிக் குறைந்துவிட்டது, உப்புச் சேராமல் தண்ணீரை மட்டும் குடித்தால் இப்படி வரும், சாப்பிட்டவவா என்று கேட்கிறார் என்றாய். நீயே அவருக்குப் பதிலும் சொன்னாய். அரை மணிக்கு ஒருதரம் சாப்பிட்டவ, வெறும் பைக்கற்றுகளை நான் எண்ணினேன் என்று. பிறகு என் பக்கம் திரும்பி, "ஓம் தானே அப்பா?" என்று கேட்டாய். நான் ஓம் என்றேன்.

அவள் விரதம் என்பதைச் சொல்லியிருந்தாலும் வைத்தியம் மாறியிருக்காது, இரத்தப் பரிசோதனையே அவர்களுக்கு எல்லாவற்றையும் காட்டியிருக்கும் என்று பிறகு இங்கே ஒரு டொக்டரிடம் கேட்டு அறிந்தேன். ஆனால் அந்த ஓம் சொன்ன நேரம் எனக்கு அது தெரியாது. தெரியாமல்தான் சொன்னேன். நீ அந்த ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் கதிரையில் இருந்து, உன் தாளின் பின்பக்கத்தில், எத்தனை மணிக்கு எத்தனை மிடறு கொடுத்தாய் என்று எழுதிக் கூட்டிக்கொண்டிருந்தாய். சாப்பிட்டும் இப்படி வந்ததென்றால் நான்தான் தண்ணீரைக் கூடக் கொடுத்துவிட்டேன் என்று நீ முடிவுக்கு வந்ததை எதிர்க் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வீட்டில் உன் மாமி, என் அக்கா, ஸ்காபரோவிலிருந்து வந்து சபை நடுவில் இருந்து கேட்டாள்: "படிச்ச பெடியன். தாய்க்கு எவ்வளவு தண்ணி குடுக்கிறது எண்டு தெரியேல்லையே?" நீ தேத்தண்ணித் தட்டோடு நின்றாய். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். நீ தட்டை மெல்ல வைத்துவிட்டுப் பின்கதவால் போனாய், ஒரு மணித்தியாலம் மழைக்குள் நின்றுவிட்டு வந்து எல்லோருடைய கோப்பையையும் கழுவினாய்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அந்த விரதம் உனக்காகப் பிடித்தது என்று தெரிந்தால் நீ இன்னும் உடைந்துபோவாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்க நல்ல காரணம்தான். உண்மை அது இல்லை. தெரிந்தால் நீ என்னை விட்டுப் போய்விடுவாய் என்று பயந்தேன். அவளும் இல்லாமல் நீயும் வராமல் இந்த வீட்டில் தனியே இருப்பதை நினைக்க முடியவில்லை. அம்மாவை அப்பாவிடமிருந்து பறித்துவிட்டேன் என்ற எண்ணத்தில்தான் நீ என் குளிசைகளைப் பிரித்துப் போடுகிறாய், என் பனியைத் தள்ளுகிறாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே நான் அந்தக் குளிசைகளை எடுத்துப் போட்டுக்கொண்டேன். என் பிள்ளையின் நாலு வருடத்தை என் தனிமைக்குத் துணையாக வைத்துக்கொண்டேன். இதற்கு மன்னிப்புக் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.

விரதத்தையும் நீ உன் தலையில் தூக்கி வைக்காதே. நீ வேண்டாம் என்று சொன்னாய், சத்தம் போட்டுச் சொன்னாய். மீறியது நாங்கள் இரண்டு பெரிய மனிதர்கள். அவளையும் நான் குறை சொல்லமாட்டேன். நம்பிக்கை அவளுடையது, வாயும் வயிறும் அவளுடையது. ஆனால் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடிய இடத்தில் நின்றவன் நான் ஒருவன்தான்.

கலியாணம் செய்யப் போகிறவனுக்குத் தகப்பன் புத்தி சொல்வது வழக்கம். எனக்கு அந்தத் தகுதி இல்லை, என்றாலும் ஒன்று மட்டும். எங்கள் வீட்டில் ஒருவர் மனம் நோகக்கூடாது என்று ஒருவர் மறைப்பதைப் பாசம் என்று பழகிவிட்டோம். நீயும் மிதுலாவும் அப்படிப் பழகாதீர்கள். அவள் பசிக்கிறது என்றால் பசிக்கிறது என்று சொல்லட்டும், நீ பயமாயிருக்கிறது என்றால் பயமாயிருக்கிறது என்று சொல். கோபம் வந்தால் வந்து போகட்டும். கோபத்தால் ஒருவரும் சாவதில்லை.

அந்தப் பள்ளத்தாக்குக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போ. இப்போதே வேண்டாம் என்றால் பிறகு போ, ஆனால் திட்டத்தை நீ போடு. இப்போது அந்த இடத்தைப் பற்றிக் கிடைத்ததெல்லாம் வாசிக்கிறேன், நூலகத்தில் வேலை செய்கிற பெண்ணுக்கு என்னைக் கண்டாலே பாலைவனப் புத்தகம் எடுக்க வேண்டும் என்று தெரியும். எங்கே பார்த்தாலும் நீ எழுதியதையே எழுதியிருக்கிறார்கள். முதல் நாள் மேலே நின்று பார், உடம்பு அந்த உயரத்துக்குப் பழகட்டும். இறங்குவதென்றால் விடியமுன் இறங்கு. திரும்பும் இடத்தை மேலேயே தீர்மானி. தண்ணீரோடு உப்புச் சாப்பாடு. பிந்திவிட்டால் இறங்காதே. ஒரு வரிகூட நீ பிழையாக எழுதவில்லை, மகன். பின்னேரத்தில் அந்த மூன்றாவது இடத்துக்கு அவளைக் கூட்டிப் போ. எழும்பச் சொல்லாதே, அவளாக எழும்பட்டும்.

நேற்று அக்காவுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குச் சொன்னால் ஒரு கிழமைக்குள் ஸ்காபரோ முழுக்கத் தெரிந்துவிடும், அதற்காகத்தான் அவளுக்குச் சொன்னேன். "இதை இப்ப சொல்லி என்னத்துக்கு?" என்றாள். "அவன் செய்யேல்லை அக்கா, அதுக்குத்தான்" என்றேன்.

மிதுலாவுக்கு நான் போன் எடுக்க மாட்டேன். இதை வாசித்த பிறகு நீயே அவளுக்குச் சொல். கலியாணத்துக்கு நான் வரலாமா என்பதையும் நீயே சொல். வாசலில் நின்று ஆட்களை வரவேற்பதற்குக்கூட எனக்கு முகம் இருக்கிறதா என்று தெரியவில்லை. வரச் சொன்னால் வந்து, நீ எந்த மூலையில் நிற்கச் சொல்கிறாயோ அந்த மூலையில் நிற்பேன். வர வேண்டாம் என்றால் வரமாட்டேன், மகன். ஆனால் வந்த சனம் தகப்பன் எங்கே என்று கேட்டால், அவருக்குச் சுகமில்லை என்று சொல்லி என்னைக் காப்பாற்றாதே. நான் செய்ததைச் சொல்.

அப்பா